கர்ண மோட்சமும் அப்பாவின் கைமாத்து நோட்டும்

செய்யாற்றங்கரை எழுதியது:

அப்பா இறந்து 2 மாதம் ஆகிறது. ஊர் செய்யாறு பக்கம். எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது போய்விட்டால் 16ஆம் நாள் காரியத்துக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் கூத்து விடுவார்கள். எனக்கு அதில் இஷ்டமே இல்லை. செலவு ஒரு பக்கம், விடிய விடிய வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டு நிற்கிற மனநிலை இல்லை என்பது இன்னொரு பக்கம். "அவர் கேட்டுக்கிட்டது" என்று அம்மா சொன்னதோடு பேச்சு முடிந்துவிட்டது.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது. நெல் மண்டியில் கணக்கு எழுதியவர். கையில் காசு தங்காது, யார் வந்து கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஊரில் அவரைக் கர்ணப் பிரபு என்றே சொல்வார்கள், எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் ஃபீஸ் கட்ட அம்மாவின் வளையலை அடகு வைத்தோம். அதே வாரம் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு 15,000 ரூபாய் கைமாத்தாகக் கொடுத்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. வளையல் திரும்பவேயில்லை, மூழ்கிப்போனது. அதற்கப்புறம் நான் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியது குறைவு, சென்னைக்கு வந்த பிறகு இன்னும் குறைவு.

கூத்து அன்றைக்கு 10 மணிக்குக் களரி கட்டினார்கள். நான் பந்தலுக்கு வெளியே போனைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை 4 மணி இருக்கும், கர்ணன் அம்பு பட்டு விழுந்து கிடக்கிறான், உயிர் மட்டும் போகவில்லை, அவன் செய்த புண்ணியம் காவல் நிற்கிறது. கிருஷ்ணன் கிழப் பிராமணன் வேஷத்தில் வந்து தானம் கேட்கிறான். கொடுப்பதற்கு இனி என்ன இருக்கிறது என்று கர்ணன் தவிக்கிறான். உன் புண்ணியத்தை எல்லாம் கொடு என்கிறான் கிழவன். கர்ணன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தாரை வார்க்கத் தண்ணீர் இல்லை, மார்பில் தைத்த அம்பில் வழிகிற ரத்தத்தையே வார்த்துக் கொடுக்கிறான். எனக்கு அந்த இடத்தில் என்ன ஆனது என்று இன்னும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை, எழுந்து பந்தலுக்குள் போய் மண்ணில் உட்கார்ந்து அழுதேன், மாமா வந்து தோளைப் பிடித்துக்கொள்ளும் வரை அழுதேன்.

காரியமெல்லாம் முடிந்து அப்பாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது ஒரு நோட்டு கிடைத்தது. கைமாத்து கொடுத்த கணக்கு. 31 பேர், கூட்டிப் பார்த்தால் 2,86,000 ரூபாய். பழையது 1998இல் கொடுத்தது. மனசு சொல்கிறது, இதைக் கிழித்து ஆற்றில் விட்டுவிடு, அவர் கொடுத்ததைத் தானமாகவே முடித்துவிடு என்று. அந்தக் கூத்தைப் பார்த்திராவிட்டால் எனக்கு இப்படித் தோன்றியிருக்காது. இதுவரை புராணத்தை நான் படிக்கிற விஷயமாகத்தான் வைத்திருந்தேன். உங்கள் வாழ்க்கையில் ஒரு முடிவெடுக்கவோ, உள்ளே கொஞ்சம் வளரவோ ஒரு பழைய கதை உண்மையாகவே உதவியிருக்கிறதா? இல்லை, துக்கத்தில் கையில் அகப்பட்ட கதையைப் பிடித்துக்கொள்கிறேனா? நேராகச் சொல்லுங்கள்.


அகவொளி எழுதியது:

உங்கள் துக்கத்தில் பங்கெடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குருக்ஷேத்திரம் வெளியில் இல்லை, இந்த உடம்புதான். கர்ணன் கடைசியில் கொடுத்தது பொன்னோ கவச குண்டலமோ இல்லை, புண்ணியம். இது ரொம்ப ஆழமான இடம். பாவம் இரும்பு விலங்கு என்றால் புண்ணியம் பொன் விலங்கு, இரண்டும் கட்டுத்தான். சைவ சித்தாந்தத்தில் இருவினை ஒப்பு என்று சொல்வார்கள். நல்வினை, தீவினை இரண்டின் பலனையும் சமமாகப் பார்க்கிற நிலை வந்தபிறகுதான் மலபரிபாகமும் (உயிரைப் பிடித்த அழுக்கு பக்குவப்படுவது) சத்திநிபாதமும் (இறைவன் அருள் உயிரில் பதிவது). "நான் கொடுத்தேன்" என்கிற நினைப்பையும் சேர்த்துக் கொடுத்த பிறகுதான் கர்ணனுக்கு மோட்சம். அப்படிப் பார்த்தால் அந்த நோட்டு உங்கள் அப்பாவின் "நான் கொடுத்தேன்". அதைக் கரைத்துவிடுவது அவருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்று தோன்றுகிறது.


வேப்பம்பூ எழுதியது:

தம்பி, அவசரப்பட்டுக் கிழிக்காதே. மூழ்கிப்போன வளையல் யாருடையது? நீ எழுதியதில் அம்மா 2 வரியில்தான் வருகிறார்.

கர்ணன் எனக்குப் பிடித்தவன்தான், ஆனால் அவன் சுத்தமானவன் இல்லை. சூதாட்ட சபையில் ஒற்றைத் துணியோடு இழுத்து வரப்பட்ட திரௌபதியை வியாச பாரதத்தில் வேசி என்று வாய்விட்டுச் சொன்னவன் அவன், ஆடையை உருவச் சொன்னதும் அவன்தான். யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லாத அதே கை. இரண்டும் ஒரே ஆள் என்பதை வைத்துக்கொண்டுதான் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்க வேண்டும். அகவொளி சொல்வதில் தத்துவம் சரியாக இருக்கலாம், ஆனால் வெளியே யுத்தமே இல்லை, எல்லாம் உள்ளே என்று சொல்லிவிட்டால் அடி வாங்கினவர்கள் எங்கே போவார்கள்?


பழைய ஏடு எழுதியது:

34 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவன். ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு அப்புறம் என் கருத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தச் செய்தி தெரிந்த பிறகு எனக்குக் கதை கேட்கிற விதமே மாறியது.

தம்பி அழுத அந்தக் காட்சி வியாசரிடம் இல்லை. வடமொழிப் பாரதத்தில் தேர்ச் சக்கரம் மண்ணில் புதைகிறது, தர்மப்படி கொஞ்சம் பொறு என்று கர்ணன் கேட்கிறான், சபையில் திரௌபதியை இழுத்தபோது உன் தர்மம் எங்கே போயிருந்தது என்று கிருஷ்ணன் வரிசையாகக் கேட்கிறான், கர்ணன் தலை குனிகிறான், பிறகு அர்ச்சுனனின் அம்பு அவன் தலையை அறுக்கிறது. அவ்வளவுதான். கிழப் பிராமணன் இல்லை, புண்ணியத்தை யாரும் கேட்கவில்லை. புனேயில் பண்டார்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த ஆய்வுப் பதிப்பிலும் அது கிடையாது.

நம்மிடம் அந்தக் காட்சியை நிலைநிறுத்தியது வில்லிபுத்தூரார். சுமார் 600 ஆண்டுகளுக்கு முன், வக்கபாகையை ஆண்ட வரபதி ஆட்கொண்டான் ஆதரவில் 4,300க்கும் மேற்பட்ட பாட்டுகளில் பாரதம் பாடியவர். அவர் பாட்டில் வருகிற கர்ணன் இப்படித்தான் சொல்கிறான், என் உயிர் நிலை குலைந்து கிடக்கிறது, அது உள்ளே இருக்கிறதா வெளியே போய்விட்டதா என்றே தெரியவில்லை, எல்லாம் என் கையில் இருந்த காலத்தில் நீ வரவில்லையே என்று. அந்த வருத்தத்தைக் கவனியுங்கள். சாகப் போகிறவன் தன் சாவுக்கு வருந்தவில்லை, கேட்டவன் தாமதமாக வந்துவிட்டானே என்று வருந்துகிறான். பிறகு வரம் என்ன வேண்டும் என்று கேட்டபோது மோட்சம் கேட்கவில்லை, இனி எத்தனை பிறவி வந்தாலும் இல்லையென்று வருகிறவர்களுக்கு இல்லையென்று சொல்லாத இதயம் வேண்டும் என்கிறான்.

அப்படியானால் இது பொய்யா? வியாசர் சொல்லாததைத் தமிழன் சேர்த்துவிட்டான் என்று இளமையில் நான் வகுப்பிலேயே குறைவாகப் பேசியிருக்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தவனைக் கொன்ற பிறகு, அவனுக்கு ஏதோ ஒன்றைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும் என்று இங்கே கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. கடைசி மரியாதையாக ஒரு காட்சியைப் பாடிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் காட்சி சாவு வீட்டுக் கூத்தில் போய் நிலைத்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

வேப்பம்பூ அம்மா சொன்னதற்கும் ஒரு வரி. சபையில் பேசியதற்காகக் கர்ணன் பிற்பாடு வருந்தியிருக்கிறான். உத்தியோக பருவத்தில் கிருஷ்ணனிடம் தனியாகச் சொல்கிறான், துரியோதனனைச் சந்தோஷப்படுத்தப் பாண்டவர்களிடம் கடுஞ்சொல் சொன்னேன், அதை நினைத்து வேகிறேன் என்று. ஆனால் அதைத் திரௌபதியிடம் போய்ச் சொல்லவில்லை, ஊரறியவும் சொல்லவில்லை.


கேள்விக்காரன் எழுதியது:

எல்லாரும் உருகி எழுதுகிறீர்கள், நான் உருக முடியாத இடத்திலிருந்து வருகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எங்கள் ஊரிலும் திரௌபதி அம்மன் கோயில் உண்டு. வருடா வருடம் பாரதம் படிப்பார்கள், 10 நாள் கூத்து, கடைசியில் படுகளம், தீமிதி. என் தாத்தா அந்தத் திருவிழாவுக்குப் பறை அடித்தவர். அடித்தது வெளியே, கூத்தைப் பார்த்ததும் வெளியே, தூரத்தில் புளியமரத்தடியில் நின்று. நான் சின்னப் பையனாக அவர் தோளில் உட்கார்ந்து பார்த்தது கிரீடத்தின் மினுமினுப்பு மட்டும்தான், வசனம் காதில் விழாது. இதெல்லாம் பழங்கதை என்று சொல்லாதீர்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தலித் மக்கள் உள்ளே வரக் கூடாது என்று தகராறாகி, தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலையே 2023 ஜூனில் பூட்டி சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகுதான் பூஜைக்குத் திறந்தது.

கதைக்குள்ளேயும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. தேரோட்டி மகன் என்று கர்ணனை எல்லாரும் கேவலப்படுத்துகிறார்கள், நாம் கலங்குகிறோம். ஏன் கலங்குகிறோம்? அவன் உண்மையில் குந்தி மகன், சூரியன் மகன் என்று நமக்குத் தெரியும் என்பதால். அவன் நிஜமாகவே, அவனை எடுத்து வளர்த்த தேரோட்டி அதிரதனுக்கும் அவன் மனைவி ராதைக்கும் பிறந்தவனாக இருந்திருந்தால் அவனுக்காக யார் அழுதிருப்பார்கள்? ஏகலைவன் கட்டை விரலை அறுத்துக் கொடுத்தான். அதைவிடப் பெரிய தானம் எது? அவனுக்கு மோட்சக் கூத்து எந்த வீட்டில் நடக்கிறது?

மனசுக்கு வழி காட்டுகிறது என்கிறீர்கள். யார் மனசுக்கு என்பதையும் கேட்க வேண்டும். நோட்டு விஷயத்தில் வேப்பம்பூ அக்கா சொன்னதுதான் என் கருத்தும், அது உங்கள் அம்மாவின் காசு.


செய்யாற்றங்கரை எழுதியது:

கேள்விக்காரன் அண்ணே, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை. எங்கள் வீட்டுக் கூத்தன்றைக்கும் பந்தலுக்கு வெளியே ரோட்டோரமாக நின்று சிலர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை உள்ளே வந்து உட்காரச் சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. இது இப்போதுதான் உறைக்கிறது. அம்மா பற்றி நீங்கள் இருவரும் சொன்னதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.


பழைய ஏடு எழுதியது:

கேள்விக்காரன் கேட்டது நியாயமான கேள்வி, சமாளிக்க நான் வரவில்லை. கோயில் கதவை மூடி வைத்துக்கொண்டு உள்ளே தர்மராஜாவுக்குத் தீபம் காட்டுகிறவர்களுக்கு அந்தக் கதை ஒன்றும் செய்யவில்லை, அதுதான் உண்மை. ஏகலைவனைப் பற்றிக் கேட்டதற்கும் என்னிடம் பதில் கிடையாது.

ஆனால் கர்ணன் விஷயத்தில் ஒன்றை மட்டும் பார்க்கச் சொல்வேன். போருக்கு முன்னால் கிருஷ்ணன் அவனைத் தேரில் ஏற்றிக் கூட்டிப்போய் நீ குந்தி மகன், வந்தால் நாடு உனக்கு, தம்பிகள் உன் காலில் விழுவார்கள் என்கிறான். கர்ணன் என்ன சொல்கிறான்? குந்தி என்னை நன்மை நினைக்காமல் எறிந்தாள், என்னைக் கண்டதும் அன்பினால் ராதைக்குப் பால் சுரந்தது, என் மலஜலம் எடுத்தவள் அவள், அவளுக்குப் பிண்டம் போடாமல் நான் எப்படி விட்டுப்போவேன் என்கிறான். அதிரதன் எனக்குப் பேர் வைத்தான், சூதர் குலத்தில் பெண் எடுத்தேன், பிள்ளைகள் பெற்றேன், பூமி முழுவதும் கொடுத்தாலும் இதைப் பொய்யாக்க முடியாது என்கிறான். பிறப்பு தெரிந்த பிறகு, உயர்வு கையில் வந்து நிற்கும்போது, அவன் ராதேயனாகவே இருந்துவிடுகிறான். கதையைக் கேட்கிறவர்கள்தான் அவனைக் குந்தி மகனாக வைத்துக்கொண்டோம், அவன் அப்படி வைத்துக்கொள்ளவில்லை.


கேள்விக்காரன் எழுதியது:

ஐயா, இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. அந்த ஒரு இடத்தில் நான் அவனோடு நிற்பேன். மற்றதில் என் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.


முகவீணை எழுதியது:

வணக்கம். இந்த இழையை என் தங்கை மகன் காட்டினான். எங்கள் குடும்பம் 3 தலைமுறையாகக் கூத்தாடுகிற குடும்பம், நான் 19 வருடம் கர்ண வேஷம் கட்டினேன், இப்போது முட்டி போய்விட்டது, பின்பாட்டுப் பாடுகிறேன். எழுதிப் பழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் மரத்தில் செய்து கண்ணாடி ஒட்டினது. கட்டி முடிக்கும்போதே உடம்பு இறுகிப்போகும், மூச்சை வேறு மாதிரி விட வேண்டும். வெளியே வருவதற்கு முன்னால் 2 பேர் திரை பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு, கர்ண மகாராஜன் வந்தான் என்று நாங்களே எங்களைப் பற்றிப் பாட வேண்டும். நான் வந்தேன் என்று பாடுவதில்லை. இதை எனக்கு என் அப்பா 12 வயதில் சொல்லிக்கொடுத்தார், காரணம் சொல்லவில்லை. ரொம்ப வருடம் கழித்து எனக்குப் பட்டது என்னவென்றால், நீ கர்ணன் இல்லை, அவன் வருகிறதுக்கு இடம் கொடுக்கிறவன், விடிந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டு வீட்டுக்குப் போ, அவனை வீட்டுக்குக் கூட்டிப்போகாதே. சில பேர் கூட்டிப்போய் வீணாய்ப் போனதைப் பார்த்திருக்கிறேன். ராஜா வேஷம் கட்டி வீட்டிலும் ராஜாவாகவே இருந்தவர்கள் உண்டு. தம்பி நோட்டைக் கிழிக்கப் போகிறேன் என்று எழுதியதைப் படித்தபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

சாவு வீட்டில் ஆடுவது வேறு, திருவிழாவில் ஆடுவது வேறு. திருவிழாவில் படுகளத்தன்று துரியோதனனை மண்ணால் பெரிசாகப் படுக்க வைத்துச் செய்வோம், பீமன் வந்து தொடையில் அடித்ததும் திரௌபதி கூந்தலை முடிப்பாள். கெட்டவன் செத்தான் என்று ஜனம் கைதட்டாது. அந்த மண் உருவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவனுக்கும் ஒப்பாரி வைப்போம், அப்புறம் அந்த மண்ணையே ஒரு பிடி எடுத்துக்கொண்டு போய்ப் பத்தாயத்தில் போடுவார்கள்.

சாவு வீட்டுக்கு வருகிறேன். எத்தனையோ வீட்டில் கர்ணனாகச் செத்திருக்கிறேன். ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு இடத்தில் அழும். எல்லாரும் கடைசியில் அழுவார்கள் என்று நினைப்பீர்கள், அப்படி இல்லை. ஒரு வீட்டில் குழந்தையைப் பெட்டியில் வைத்து ஆற்றில் விட்ட கதையைச் சும்மா 4 வரி பாடினேன், பின்னால் ஒரு பாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள், விடிகிற வரைக்கும் வெளியே வரவில்லை. இன்னொரு வீட்டில் கர்ணனும் துரியோதனனும் சிநேகம் பேசுகிற இடத்தில் செத்தவருடைய கூட்டாளி ஒருவர் தேம்பினார், குடும்பத்தில் ஒருவரும் அழவில்லை. கர்ணன் பெண்டாட்டி பொன்னுருவி அவனைத் தேரோட்டி மகன்தானே என்று எடுத்தெறிந்து பேசுகிற இடம் வரும், அங்கே பெண்டுகள் பக்கம் கண்ணைக் காட்டாதே என்பார் அப்பா. அவர்கள் அவர்கள் இடத்தில் இருப்பார்கள், நீ பார்த்தால் கூச்சப்படுவார்கள் என்பார்.

தம்பி, நீங்கள் எங்கே அழுதீர்கள் என்று சொல்லிவிட்டீர்கள். உங்கள் அம்மா எங்கே அழுதார்கள்?


வாவிக்கரை எழுதியது:

மட்டக்களப்புப் பக்கம் எனது ஊர். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் சடங்கு எங்களுக்கும் பெரிய விசயம், பாரதப் போர் நடந்த 18 நாளுக்கும் 18 நாள் சடங்கு, பாண்டவர் வனவாசம் போறதெல்லாம் தெருவிலேயே நடக்கும், கடைசியில் தீமிதிப்பு.

முகவீணை ஐயா எழுதினதைப் படிச்சதும் என்ட மாமியை நினைச்சன். 1990இல் அவவின் மகனைப் பிடிச்சுக்கொண்டு போனவர்கள். அதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. அவ ஒவ்வொரு வருசமும் வனவாசத்துக்குப் போவா, பாண்டவர் காட்டுக்குப் போறதுக்குப் பின்னால வெறுங்காலோட நடப்பா. நாங்கள் சின்னனில் கேட்டிருக்கிறம், ஏன் மாமி அதுக்கு மட்டும் போறீங்கள், தீ மிதிக்கிறதைப் பார்க்க வரமாட்டீங்களா எண்டு. வனவாசம் போனவங்கள் திரும்பி வந்தவங்கள்தானே எண்டு சொல்லுவா.

ஒருமுறை எங்கட ஊர்க் கூத்தில் கர்ணனைக் குந்தி மடியில் வைச்சு அழுகிற இடம் வந்தது. என் பிள்ளை என்று உலகம் அறியச் சொல்லி அழ வேணும், செத்தால் உன் மடியில் கிடத்த வேணும் என்று அவன் முன்னமே கேட்டுக்கொண்ட வரம் அது. எல்லாப் பெண்களும் அழுதார்கள். மாமி அழவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், "அவளுக்கு மடியில கிடத்த உடம்பு கிடைச்சுது" என்று மட்டும் சொன்னா.

நான் இதிலிருந்து ஆன்மிகம் ஒன்றும் எடுத்துச் சொல்ல வரவில்லை. ஆனால் மாமி 30 வருசத்துக்கு மேல் அந்த மகனைப் பற்றி வீட்டில் வாய் திறந்து கதைத்தது மிகவும் குறைவு. கதைத்ததெல்லாம் இப்படிக் குந்தியைப் பற்றியும் பாண்டவரைப் பற்றியும்தான். அந்தக் கதை இல்லாவிட்டால் அவவுக்குப் பேச ஒரு மொழியே இருந்திருக்காது.


வேப்பம்பூ எழுதியது:

வாவிக்கரை, உங்கள் மாமியை நான் மறக்க மாட்டேன்.

நானும் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், தயங்கிக்கொண்டே இருந்தேன். கல்யாணமாகி 7 வருடம் குழந்தை இல்லை. 2011இல் வந்தவாசிக்குப் பக்கத்து ஊரில் அர்ச்சுனன் தபசுக்குக் கூட்டிப்போனார்கள். உயரமான தபசு மரத்தில் வேஷக்காரர் படிப்படியாக ஏறுவார், படிக்கு ஒரு பாட்டு. கீழே குழந்தை வரம் கேட்டு வந்த பெண்கள் ஈரப் புடவையோடு இருப்போம். உச்சியிலிருந்து எலுமிச்சம்பழமும் பூவும் எறிவார். என் மடியில் ஒரு பழம் விழுந்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். குழந்தை பிறக்கவில்லை.

அந்த வருடங்களில் என்னிடம் யாராவது புராணம், நம்பிக்கை என்று பேசினால் எழுந்து போய்விடுவேன். அர்ச்சுனனுக்குப் பாசுபதம் கிடைத்தது, எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தபசு மரத்தில் ஏறினால் கிடைக்கும் என்று அந்தக் கதையை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டேன், அதுதான் என்னை அவ்வளவு வருத்தியது என்று இப்போது தோன்றுகிறது.

2017இல் ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தோம். 4 மாதக் குழந்தை. முதல் ராத்திரி அவள் அழ அழ எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, நான் அம்மா இல்லையோ, அம்மாவாக நடிக்கிறேனோ என்று ஒரு பயம். அந்தப் பயம் சட்டென்று போகவில்லை, வருடக்கணக்கில் இருந்தது. அப்புறம் ஒரு நாள், இதே பழைய ஏடு ஐயா சொன்ன இடம், ராதைக்குப் பால் சுரந்தது என்று கர்ணன் சொல்கிற இடத்தைப் படித்தேன். நான் அது வரைக்கும் அந்தக் கதையில் ராதை என்று ஒருத்தி இருப்பதையே கவனித்ததில்லை. ஆற்றில் வந்த பெட்டியைத் திறந்தவள். பெற்றவளிடமே அவன், நான் ராதை மகன் என்று சொல்கிறான். அன்றைக்கு என் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய், ஆனால் எனக்கு நிற்க ஓர் இடம் கிடைத்தது. என் மகளுக்கு இப்போது 9 வயது முடியப் போகிறது. நீ எப்படி எங்களிடம் வந்தாய் என்று அவளுக்குச் சொன்னபோது ராதையிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான், உதவியிருக்கிறது. ஆனால் நான் போய் நின்ற இடத்தில் உதவவில்லை. தபசு மரத்தடியில் நின்றேன், கதை என்னைப் பல வருடம் கழித்து ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டது. அதனால்தான் இப்போதே எதையும் கிழிக்காதே என்கிறேன். இன்றைக்கு நீ கர்ணன் இடத்தில் அப்பாவை வைத்திருக்கிறாய், நாளைக்கு வேறு யார் கண்ணில் படுவார்களோ.


அகவொளி எழுதியது:

வேப்பம்பூ அம்மா, முதலில் நான் எழுதியதை இப்போது திரும்பப் படித்தேன். இருவினை ஒப்பு என்பது தானாகப் பழுக்க வேண்டியது, அடுத்தவர் துக்கத்தின் 60ஆம் நாளில் எடுத்து நீட்டுகிற அறிவுரை இல்லை. தம்பி மன்னிக்கவும். நோட்டு பற்றி நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


செய்யாற்றங்கரை எழுதியது:

3 வாரம் கழித்து வருகிறேன். ஊருக்குப் போயிருந்தேன். முகவீணை ஐயா கேட்ட கேள்வியை எப்படிக் கேட்பது என்று 2 நாள் தயங்கிவிட்டு, ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் கேட்டேன். அன்றைக்குக் கூத்தில் எங்கே அழுதாய் அம்மா என்று. அம்மா பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்துதான் பதில் சொன்னார்.

"கர்ணன் செத்தப்ப நான் அழல. பொன்னுருவிக்கு அவன் யாருன்னு தெரிய வர்ற இடம் இருக்குல்ல, அங்கதான். அவளுக்குக் கடைசியில தெரியுது. எனக்குக் கல்யாணம் ஆன முத வருசமே தெரியும் இவரு இப்படித்தான்னு. தெரிஞ்சுதான் 41 வருசம் சண்ட போட்டேன். இனிமே யாருகிட்ட சண்ட போடறதுன்னு அழுதேன்."

நான் அழுத இடத்தைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. பிறகு நோட்டைக் கிழித்துவிடலாம் என்று இருந்ததைச் சொன்னேன். அதுவரை அமைதியாக இருந்தவர், "கிழிக்க நீ யாரு? குடுத்தது உங்கப்பா. குடுக்கறப்ப வயித்தக் கட்டினது நானு" என்றார். குரல் உயரவில்லை. அப்பாவைப் பெரிய ஆளாக்கிக்கொண்டு, 20 வருடம் முன்பு எந்த வளையலுக்காகக் கோபப்பட்டேனோ அதை அம்மாவிடமிருந்து நானே இரண்டாவது தடவை எடுக்கப் பார்த்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நோட்டைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு பேராகப் படிக்கச் சொன்னார். அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, யாருக்கு எப்போது கொடுத்தது, எதற்குக் கேட்டார்கள், இப்போது அந்த வீடு எப்படி இருக்கிறது எல்லாம். படித்து முடிக்க 2 மணி நேரம் ஆனது. 31 பேரில் 9 பேர் இறந்துவிட்டார்கள். 17 பேரிடம் கேட்கக் கூடாது என்றார், அதில் 2 பேருக்கு இன்னும் நாமே ஏதாவது செய்ய வேண்டியிருக்கும் என்றார். மீதி 5 பேர் நல்ல வசதியாக இருக்கிறார்கள், அவர்களிடம் கேட்டே ஆக வேண்டும் என்றார். கேட்கவில்லை என்றால் செத்தவர் முகத்தில் அவர்கள் எப்படி முழிப்பார்கள் என்பது அம்மாவின் வாதம். எனக்கு அது முழுசாகப் புரியவில்லை, ஆனால் அப்படியே எழுதிக்கொண்டேன்.

கேள்விக்காரன் அண்ணே, அப்பாவுக்கு வருடத் திதி வரும்போது அம்மா மறுபடி ஒரு கூத்து விட வேண்டும் என்கிறார். பந்தலை ரோடு வரைக்கும் இழுத்துப் போட்டு எல்லாரையும் உள்ளே உட்கார வைத்துத்தான் களரி கட்ட வேண்டும் என்று சித்தப்பாக்களிடம் சொல்லியிருக்கிறேன். ஒருவர் எழுந்து போய்விட்டார், இன்னும் பேச வேண்டியிருக்கிறது. முகவீணை ஐயா, உங்கள் குழுவே வர முடியுமா என்று தனியாகக் கேட்டு எழுதுகிறேன்.

நோட்டு இப்போது அம்மாவின் புடவைப் பெட்டியில் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நானும் முதல் வீட்டுக்குப் போகிறோம். அந்த 15,000 அந்த வீட்டுக் கல்யாணத்துக்குக் கொடுத்ததுதான்.